சீலிங்கில் வால்பேப்பர்: சத்துவாச்சாரி வீட்டு மாடி அறை

சீலிங்கில் வால்பேப்பர் ஒட்டுகிற வேலை மொட்டை மாடியில்தான் ஆரம்பிக்கிறது. காகிதம், பசை, டிசைன் எல்லாம் அப்புறம். மேலே தளம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் கீழே ரோலைப் பிரிப்பவர் அடுத்த ஐப்பசியில் அதையே சுருட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறை 10 அடிக்கு 12 அடி. தரையிலிருந்து சீலிங் 9 அடி 3 அங்குலம். தளத்துக்கு மேல் வேறு மாடி கிடையாது, நேரடி வெயில். சீலிங் பூச்சில் மயிரிழை விரிசல்கள், பழைய பட்டி (பள்ளம் நிரப்பும் மாவுக் கலவை) ஒட்டுகள், கான்கிரீட் ஊற்றும்போது கீழே தாங்கிய சென்ட்ரிங் தகடுகள் சேர்ந்த இடத்தில் லேசான கோடுகள். எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் எல்லாம் திரும்ப முகம் காட்டும். ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்று விலை கேட்டோம். ஆறு அங்குலமாவது இறங்கும் என்றார்கள். அப்படி இறங்கினால் ஃபேனுக்கும் சீலிங்குக்கும் நடுவே இடம் குறைந்து காற்று வராது. ராடை நீட்டினால் கட்டிலில் நின்று கொசுவலை கட்டும்போது கை இறக்கையில் படும். வேலூர் வெயிலில் காற்றைக் குறைத்துக்கொண்டு அழகு பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை. வால்பேப்பர் யோசனை மனைவியுடையது. ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத பொருள், உயரத்தைத் தின்னாது என்றாள். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

எப்போது செய்வது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. போகிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வெள்ளை அடிப்பதாக இருந்தால் அது சரியான கணக்கு. ஆனால் நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மார்கழியில் வெளியே வெயில் அடித்தாலும் கான்கிரீட்டுக்குள் வாங்கின தண்ணீர் முழுக்கப் போயிருக்காது. அதனால் தை கடைசி வரை தள்ளினேன். அந்தப் பக்கம் மாசியைத் தாண்டினாலும் சிக்கல். வெயில் ஏற ஏறத் தளம் சூடாகும். பசை காகிதத்தைப் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். தை பாதியிலிருந்து மாசி முடிய உள்ள இடைவெளிதான் இந்த ஊருக்குத் தோதான காலம்.

பெயிண்டர் அண்ணன் வந்து சீலிங்கை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் என்னை ஒரு தடவை பார்த்தார். "இன்னா சார், சுவத்துல ஒட்டறத கொண்ணாந்து மேல ஒட்டச் சொல்றீங்க. மேல கீற தளம் ஓதம் அடிச்சா காகிதம் இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். அவர் கேட்டது முழுக்க முழுக்கச் சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரிய இரண்டு சோதனைகள் செய்தோம்.

முதலாவது, மாடியில் தண்ணீர் கட்டுவது. மழைநீர் போகும் குழாய் வாயில் கோணித் துணியைத் திணித்து, ஓரங்களில் மணல் மூட்டை வைத்து, தளம் முழுக்க இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கவிட்டோம். ஒரு முழு நாள் நிற்க வேண்டும். கீழே ஈரக்கறை எங்கே தெரிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தேன். எங்கள் தளத்தில் சுர்க்கி, அதாவது செங்கல் தூள் கலந்த சுண்ணாம்பு, போட்டு மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓடு பதித்திருக்கிறது. தட்டோடு நன்றாகவே இருந்தது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த சிமெண்ட்தான் உதிர்ந்திருந்தது. அதைவிட மோசம், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை. பழைய வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே நுழைவது அங்கேதான். மூலையைக் கொத்தி எடுத்து, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் வளைவாகப் பூசி, ஓட்டு இணைப்புகளில் மறுபடி சிமெண்ட் நிரப்பிப் பாயிண்டிங் செய்தார் கொத்தனார். தண்ணீர் வாட்டம் குழாய்ப் பக்கம் சரியாக ஓடுகிறதா என்று ரசமட்டம் வைத்தும் பார்த்தார். கடைசியாக வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட். இந்தப் பூச்சு கீழே ஒட்டும் காகிதத்துக்கும் பயன்படும்; தளம் எவ்வளவு குறைவாகச் சூடாகிறதோ அவ்வளவு குறைவாக விரிந்து சுருங்கும்.

இரண்டாவது சோதனை அறைக்குள். ஒன்றரை அடிச் சதுரமாக பாலித்தீன் தாள் வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு, சந்தேகமான இடங்களில் சீலிங்கோடு ஒட்டிவிட்டேன். மறுநாள் பிரித்தால், தாளின் மேல்புறம், அதாவது தளத்தைப் பார்த்த பக்கத்தில், வேர்த்திருந்தால் கான்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அறையைப் பார்த்த பக்கத்தில் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், தளத்தின் குற்றமில்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டிய மூலையில் மேல்புறம் வேர்த்திருந்தது. அது காய்ந்து, அடுத்த முறை ஒட்டிய தாள் சுத்தமாக வரும் வரை ரோல் வாங்கவே போகவில்லை.

கம்பித் துரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீலிங்கில் பழுப்புக் கோடாகக் கறை ஓடினாலோ, குச்சியால் தட்டும்போது கொடகொடவென்று வெற்றுச் சத்தம் வந்தாலோ, காகிதம் ஒட்டும் எண்ணத்தை அன்றே விட்டுவிட வேண்டும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பெயிண்ட் அடித்த சீலிங்கில் விரிசல் பெரிதாவது கண்ணுக்குத் தெரியும். காகிதம் ஒட்டினால் தெரியாது, ஒரு நாள் கட்டிலில் விழும்போதுதான் தெரியும். அந்த வேலைக்கு இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும், வால்பேப்பர் கடைக்காரரை இல்லை. எங்கள் சீலிங் முழுக்க ஒட்டடைக் கொம்பின் அடிக்கட்டையால் தட்டிப் பார்த்தோம். ஜன்னலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு மட்டும் தளத்தை விட்டுப் பிரிந்திருந்தது. அதைக் கொத்தி எடுத்துப் பார்த்ததில் கம்பி எதுவும் வெளியே இல்லை. புதுப் பூச்சு வைத்தாயிற்று.

அடுத்தது சுரண்டல். இதுதான் ஆளை அசத்தும் வேலை. பழைய சுண்ணாம்போ டிஸ்டம்பரோ இருந்தால் ஒரு துளிகூட விடக்கூடாது. உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் பசை அந்த மாவைத்தான் பிடிக்கும், தளத்தைப் பிடிக்காது. அப்புறம் காகிதம் தன் எடையிலேயே மாவோடு சேர்ந்து உரிந்து தொங்கும். எங்கள் சீலிங்கில் எமல்ஷனுக்கு அடியில் பழைய சுண்ணாம்பு ஒரு அடுக்கு இருந்தது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பட்டித் தகட்டால் சுரண்டினோம். முகத்துக்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் விளையாட்டில்லை.

விரிசல்களை மேலோடு பட்டி வைத்து மூடினால் திரும்ப வரும். தகட்டின் முனையால் விரிசலை வி வடிவத்தில் கொஞ்சம் அகலமாக்கி, தூசியை ஊதி எடுத்து, பாலிமர் பட்டியால் நிரப்பி, அதன் மேல் ஃபைபர் வலை டேப் ஒட்டி, மறுபடி மெல்லிசாக ஒரு பட்டி. முழு சீலிங்குக்கும் இரண்டு கோட் பட்டி, தேய்க்க 180ஆம் எண் உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான 220. சுவருக்கு இவ்வளவு பார்க்கத் தேவையில்லை. சீலிங்குக்குத் தேவை, அதற்குக் காரணம் வெளிச்சம். ஜன்னல் வெளிச்சமும் சுவரில் மாட்டிய ட்யூப் லைட் வெளிச்சமும் சீலிங்கைத் தடவிக்கொண்டே போகும். அரை மில்லிமீட்டர் மேடுகூட நிழல் விழுந்து பெரிதாகத் தெரியும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை சீலிங்கோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடி மாதிரி இருந்த தளத்தில் ஏரியும் கரையும் தெரியும். தெரிந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் மறுபடி தேய்த்தோம்.

பட்டி காய்ந்ததும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பிரைமர் ஒரு கோட். சிமெண்ட் பட்டியில் காரம் உண்டு. பிரைமர் இல்லாமல் ஒட்டினால் வண்ணக் காகிதத்தில் நாளடைவில் திட்டுத்திட்டாக நிறம் மாறலாம். இன்னொரு உபயோகமும் இருக்கிறது. பட்டி வெறுமனே இருந்தால் பசையின் தண்ணீரை நொடியில் உறிஞ்சிவிடும், காகிதத்தை நகர்த்திச் சரிசெய்ய நேரமே கிடைக்காது.

இனி காகிதம். ஆற்காடு ரோட்டில் ஒரு கடையில் கேட்லாக் புத்தகங்களை அடுக்கி வைத்தார்கள். முக்கியமாக மூன்று வகை கிடைக்கிறது. சாதாரணக் காகிதம், பின்புறம் காகிதம் வைத்த வினைல் என்ற பிளாஸ்டிக் தாள், நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த நான்-வோவன். வினைலைத் துடைக்கலாம், கழுவலாம்; சீலிங்கை யார் கழுவப் போகிறார்கள்? அதோடு வினைல் மூச்சு விடாது. தளத்திலிருந்து கொஞ்சம் ஓதம் வந்தாலும் அதற்குப் பின்னால் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சாதாரணக் காகிதம் பசையின் ஈரத்தில் நீளும், காய்ந்ததும் சுருங்கும். தலைக்கு மேலே அதோடு மல்லுக்கட்டுவது பழகியவர்களுக்கே கஷ்டம். நான்-வோவன் நனைந்தாலும் நீளாது. பசையை நேராக சீலிங்கில் தடவி, காய்ந்த காகிதத்தை அப்படியே பிரித்துக்கொண்டு போகலாம். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சீலிங் வேலைக்கு நான் அதைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். பளபளக்கும் உலோகத் தாள் வகையும் காட்டினார்கள். மின்சாரம் ஓடும் ஃபேன் பெட்டிக்குப் பக்கத்தில் உலோகம் வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

டிசைனில் மனைவிக்கும் எனக்கும் இரண்டு கட்சி. அவளுக்குப் பெரிய இலைகளாகப் போட்ட பச்சை டிசைன். எனக்குத் துணி நெசவு போலக் கொஞ்சம் மேடு பள்ளமுள்ள சந்தன நிறம். ரசனையால் ஜெயிக்கவில்லை, அளவு நாடாவால் ஜெயித்தேன். அறை ஜன்னல் பக்கம் 10 அடி, கதவுப் பக்கம் 9 அடி பத்தரை அங்குலம். மூலைமட்டம் வைத்தால் நான்கு மூலையில் ஒன்றுகூட ஒழுங்காக உட்காரவில்லை. கோடு போட்ட டிசைனோ கட்டம் போட்டதோ ஒட்டினால் சுவர் கோணல் அப்பட்டமாகத் தெரியும். பெரிய இலை என்றால் ஓரத்தில் ஒரு பக்கம் முழு இலை, இன்னொரு பக்கம் பாதி இலை. எந்தத் திசையும் இல்லாத நெசவு டிசைன் கோணலை மறைக்கும், பட்டியில் மிச்சமிருக்கும் அலையையும் மறைக்கும். உயரம் குறைந்த அறையில் அடர் நிறம் தலையை அழுத்துகிற மாதிரி இருக்கும் என்பது கூடுதல் காரணம். இலைப் பச்சை ஒரு ரோல் தனியாக வாங்கி கட்டில் தலைமாட்டுச் சுவருக்குப் போனதால் சமாதானம்.

வீட்டின் விதானத்தை அலங்கரிப்பது ஏதோ வெளிநாட்டு மோகம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். வேலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தால், நடுவில் மலர், அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள், எல்லாம் கல்லில். ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் சமணர்கள் பாறைக் கூரையிலேயே வண்ண ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். காகிதம் மட்டும்தான் வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் 1877ல் லின்க்ரஸ்டா என்ற புடைப்பு உறையைக் கொண்டுவந்த பிறகு, சுண்ணாம்புச் சுதை வேலைக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் அதுபோன்ற புடைப்புத் தாள்களைச் சுவரிலும் சீலிங்கிலும் ஒட்டினார்கள். அவர்களுக்கும் நம் பிரச்சினைதான்: விரிசல் விட்ட சீலிங்.

எத்தனை ரோல் என்ற கணக்கு. சாதாரண ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். பரப்பு சுமார் 57 சதுர அடி. அறை 120 சதுர அடி. வகுத்தால் இரண்டு ரோலுக்கு மேல் கொஞ்சம் வரும். பரப்பை வகுத்து வாங்கக் கூடாது, ரோலிலிருந்து வெட்டும் நீளப் பட்டைகளை எண்ணி வாங்க வேண்டும். 12 அடி என்பது 366 செ.மீ.; இரண்டு முனையிலும் வெட்ட 5 செ.மீ. விட்டால் ஒரு பட்டை 376. ஒரு ரோலில் இரண்டு பட்டைதான் தேறும், இரண்டரை மீட்டர் மிச்சமாகும். 10 அடி அகலம் 305 செ.மீ.; அதற்கு ஆறு பட்டை. ஆக மூன்று ரோல். நான்காவது ஒன்றைக் கையிருப்பாக வாங்கினேன். டிசைன் திரும்பத் திரும்ப வரும் வகையாக இருந்தால், பட்டை நீளத்தை அந்தத் திரும்பும் அளவின் மடங்குக்கு ஏற்ற வேண்டும். வீணாவது இன்னும் கூடும். எல்லா ரோலிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் மாறினால் நிறத்தில் ஒரு மாத்திரை வித்தியாசம் வரும், சீலிங்கில் அது துல்லியமாகத் தெரியும். லேபிளில் ஒரு அம்பு மேலும் ஒரு அம்பு கீழுமாக இருந்தால், ஒரு பட்டையை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் திருப்பி ஒட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் ரோலில் அப்படித்தான் இருந்தது.

குறுக்கே, அதாவது 10 அடிப் பக்கமாக ஒட்டியிருந்தால் பட்டை குட்டையாக இருக்கும், தூக்குவது சுலபம். ஆனால் எங்கள் ஜன்னல் 10 அடிச் சுவரில், கிழக்கே. காலை வெயில் அறையின் நீளவாக்கில் உள்ளே வருகிறது. இணைப்புகள் அந்த வெளிச்சத்தின் போக்கிலேயே ஓடினால் நிழல் விழாது. குறுக்கே ஓடினால் ஒவ்வொரு இணைப்பும் கோடாகத் தெரியும். அதனால் கொஞ்சம் சிரமப்பட்டாலும் 12 அடிப் பட்டைதான்.

சீலிங்கின் நடுவே நேர்கோடு விழ நூல் அடித்தோம். சுவரோரத்திலிருந்து ஆரம்பித்தால் கோணலான சுவர் எல்லாப் பட்டையையும் கோணலாக்கிக்கொண்டே போகும். நடுக்கோட்டின் இரு பக்கமும் மும்மூன்று பட்டை ஒட்டினால், கோணல் முழுவதும் இரண்டு ஓரப் பட்டைகளில் சமமாகப் பிரிந்துவிடும். ஓரப் பட்டை சுமார் 46 செ.மீ. அகலத்தில் நிற்கும், ரிப்பன் மாதிரி ஒல்லியாகத் தெரியாது. இதில் இன்னொரு லாபம். ஃபேன் கொக்கி சரியாக நடுவில் இருந்ததால் நடு இணைப்பு அதன் மேலேயே போயிற்று. ஒரே பட்டைக்கு நடுவில் கொக்கி வந்தால் நட்சத்திர வடிவில் கீறித் திணிக்க வேண்டும். இங்கே இரண்டு பட்டையின் ஓரத்திலும் அரை வட்டம் வெட்டினால் போதும்.

ஃபேனைக் கழற்றுவதற்கு முன் மெயின் போர்டில் எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, வயர் இணைப்பைப் படம் எடுத்து வைத்தேன். வயர் முனைகளில் டேப் சுற்றிப் பெட்டிக்குள் மடித்துவிட்டோம். சுவரிலுள்ள ஃபேன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஈரப் பசையோடு அங்கே கை வைக்கவே கூடாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருந்த வீடுகள் ஏராளம்; அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஃபேன் வயரில் மின்சாரம் இருக்கும்.

பசையில் பெயிண்டர் அண்ணனுக்குத் தனிக் கொள்கை. மைதா காய்ச்சி, பூச்சி வராமல் மயில்துத்தம் போட்டு ஒட்டலாம், போஸ்டர் எல்லாம் அப்படித்தானே நிற்கிறது என்றார். நிற்கும்தான். ஆனால் மாவுப் பசை ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் சாப்பாடு, மயில்துத்தம் விஷம். தூங்கும் அறையில் தலைக்கு மேலே இரண்டும் வேண்டாம். மர வேலைக்கான வெள்ளைப் பசையைக் கலந்துவிடுவது கடைக்காரர்களின் யோசனை. பிடிப்பு அபாரம், என்றாவது உரிக்கும்போது பட்டியும் சேர்ந்து வரும். நான்-வோவனுக்கென்று விற்கும் செல்லுலோஸ் பசைப் பொடியை, பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கலக்கி, ஊறவிட்டு, மறுபடி கலக்கினோம். சுவருக்குக் கலக்குவதைவிடக் கொஞ்சம் கெட்டி. நீர்த்துப் போனால் ரோலரிலிருந்து முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடும்.

ஒட்டுவது விடியற்காலை. பகல் முழுக்க வெயில் வாங்கின கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைப் பல மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். மாலையிலும் முன்னிரவிலும் சீலிங்கைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரியும். விடியும்போதுதான் குளிர்ந்திருக்கும். இரண்டு இரும்பு முக்காலி, நடுவே சாரப்பலகை, தரையிலிருந்து மூன்றடி உயரம். பலகையில் நின்றால் தலைக்கும் சீலிங்குக்கும் ஒரு சாண் இடைவெளி. அதைவிடத் தாழ்ந்தால் தோள் கழன்றுவிடும், உயர்ந்தால் கழுத்து. பலகை அறையின் நீளத்துக்கு இருப்பது முக்கியம். பட்டையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். நடுவில் இறங்கி ஏற முடியாது.

ஆள் பலம் குடியாத்தத்திலிருந்து வந்த மச்சான். "மாமா, இது உழுந்துடாதா?" என்று கேட்டுக்கொண்டேதான் பலகையில் ஏறினான். வேலைப் பிரிவினை இப்படி: அண்ணன் ஒரு பட்டை அகலத்தைவிட இரண்டு விரல் அதிகமாகப் பசை தடவுவார், ஒரே ஒரு பட்டைக்கு மட்டும். நான் காகிதத்தின் முனையை ஜன்னல் சுவரோரம் வைத்து, நூல் கோட்டோடு ஓரத்தைச் சேர்த்து, பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே பின்னால் நடப்பேன். மச்சான் மீதிச் சுருளைத் தாங்குவான். கையால் தாங்கினால் ஐந்து நிமிஷத்தில் வலிக்கும் என்பதால், ஒட்டடைக் கொம்பின் தலையில் பழைய துண்டைச் சுற்றி, அதைக் காகிதத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்றான். இதற்கென்று கடையில் எந்தக் கருவி விற்றாலும் இதைவிட நன்றாக இருந்திருக்காது.

முதல் பட்டைதான் எல்லாம். அது நூல் கோட்டில் நேராக உட்கார்ந்தால் மற்றவை தானாக வரும். இரண்டாவதை முதலாவதோடு ஏறவிடாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து, இணைப்பின் மேல் சின்ன ரோலரை லேசாக உருட்ட வேண்டும். அழுத்தினால் நெசவு மேடு நசுங்கி அந்த இடம் மட்டும் மினுங்கும். பசையும் பிதுங்கி வரும். பிதுங்கிய பசையை ஈர ஸ்பாஞ்சால் அப்போதே துடைக்க வேண்டும், காய்ந்தால் கறை. சுவரோரம் அகலமான பட்டித் தகட்டை மூலையில் அழுத்தி, அதை ஒட்டிக் கத்தியால் கீறினோம். நனைந்த காகிதத்தில் மழுங்கின பிளேடு வெட்டாது, கிழிக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் பிளேடு முனையை உடைத்துப் புதுசாக்குவது சிக்கனக்காரருக்குக் கஷ்டமாக இருக்கும், மனசைக் கல்லாக்கிக்கொள்ளவும்.

வெட்டின மூலைகளில் நூலளவு இடைவெளி தெரிந்த இடத்தில் அக்ரிலிக் சீலண்ட் வைத்து விரலால் இழுத்துவிட்டோம். சிலிகான் வைத்தால் பிற்பாடு சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் அதன் மேல் பிடிக்காது. ஜன்னலைச் சாத்தி, அறையை ஒரு நாள் அப்படியே விட்டோம். காற்றுப் பட்டுச் சீக்கிரம் காய்ந்தால் இணைப்புகள் வாயைத் திறக்கும். காயும் வரை அங்கங்கே கொப்புளம் தெரியும்; பெரும்பாலானவை தானே அமர்ந்துவிடும், நகத்தால் நோண்ட வேண்டாம். பிறகு ஃபேனை மாட்டும்போது கொக்கி போல்ட்டில் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா, ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ராடின் மேல் கிண்ணத்தைச் சீலிங்கோடு ஏற்றினால் வெட்டின அரை வட்டங்கள் அதற்குள் மறைந்துவிடும்.

சித்திரையில் கத்திரி வெயில் தொடங்கியதும் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு இணைப்பு ஒரு சாண் நீளத்துக்கு லேசாக எழும்பியது. அந்தப் பக்கம் பிற்பகல் வெயில் சுவரையும் தளத்தையும் சேர்த்துச் சுடும் மூலை. மெடிக்கல் ஷாப்பில் பெரிய சிரிஞ்ச் வாங்கி, கெட்டிப் பசையை இணைப்புக்குள் செலுத்தி, காலையில் அழுத்தித் துடைத்துவிட்டதும் பிடித்துக்கொண்டது. உள்ளே தங்கிய கொப்புளத்துக்கும் இதே வைத்தியம்தான். ஊசி குத்தின துளை நெசவு டிசைனில் தெரியவே தெரியாது. அடுத்து வந்த ஐப்பசி மழையில் சாக்பீஸ் வட்டம் போட்டிருந்த இடங்களைத் தடவிப் பார்த்தேன், காய்ந்தே இருந்தன.

செலவில் காகிதமும் பசையும் சின்னப் பங்குதான். மாடியில் கொத்தனார் வேலை, வெள்ளைப் பூச்சு, பட்டி, பிரைமர், கூலி இவைதான் பணத்தைத் தின்றன. ஆனால் மாடி வேலை எப்படியும் செய்ய வேண்டியதுதான், அதை வால்பேப்பர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இப்போது மனைவி பூஜை அறைக்கும் ஒட்டலாம் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தினம் விளக்கும் கற்பூரமும் எரியும் தாழ்ந்த சீலிங்கில் கரி படியும், தீ அபாயமும் உண்டு. சமையலறைக்கும் இதே பதில், எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்திலிருந்து எடுக்க வழியில்லை. மச்சானுக்கு குடியாத்தத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை. பலகையில் ஏறும்போது பயந்தவன் இப்போது அங்கேயும் ஒட்டித் தா மாமா என்கிறான். ஷீட் அலை அலையாக இருக்கும், பகலில் கொதிக்கும், அதில் எந்தப் பசையும் நிற்காது. அவனுக்கு உயரம் தாராளமாக இருக்கிறது, முதலில் ஷீட்டுக்குக் கீழே ஜிப்சம் பலகை அடித்துக்கொள்ளட்டும். இணைப்புகளுக்கு டேப் போட்டுப் பட்டி பார்த்துப் பிரைமர் அடித்துவிட்டுக் கூப்பிட்டால், மிச்சமிருக்கும் நான்காவது ரோலை எடுத்துக்கொண்டு மாசியில் வருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.